செவ்வாய்வாசிகள் வந்த இரவுகள்

வானத்திலிருந்து திடீரென்று விண்கலங்கள் இறங்கினால் சாமானிய மக்கள் என்ன செய்வார்கள்? சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்த பதில் ஒன்று இருக்கிறது. கூச்சல், நெரிசல், ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடும் கூட்டம். அதிகாரத்தில் இருப்பவர்கள் பலரும் இந்தப் பதிலை அப்படியே நம்புகிறார்கள். "உண்மையைச் சொன்னால் ஜனங்கள் பீதியடைந்துவிடுவார்கள்" என்று எத்தனையோ விஷயங்கள் நம்மிடமிருந்து மறைக்கப்படுகின்றன. இதற்குச் சாட்சியாக வழக்கமாக இழுக்கப்படுவது 1938-ல் அமெரிக்காவில் நடந்த சம்பவம். அதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணி. செவ்வாய்வாசிகள் பூமியைத் தாக்குவதாக எச்.ஜி. வெல்ஸ் எழுதிய 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலை 23 வயது ஆர்சன் வெல்ஸ் சிபிஎஸ் வானொலியில் நாடகமாக்கினார். நடன இசை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே செய்தி அறிவிப்பு குறுக்கிடும். நியூ ஜெர்சியின் குரோவர்ஸ் மில் என்ற சிற்றூரில், ஒரு பண்ணையில் ஏதோ விழுந்திருக்கிறது என்பார்கள். அங்கிருந்து பேசும் நிருபரின் குரல் நடுவிலேயே அறுந்துபோகும். பிறகு சில நொடிகள் சத்தமே இருக்காது. முந்தைய ஆண்டு அதே நியூ ஜெர்சியில் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து விழுந்ததை ஒரு வானொலிக்காரர் கதறியபடி வர்ணித்திருந்தார். அந்த ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் நிருபராக நடித்தவர் தன்னைத் தயார் செய்துகொண்டார்.

நாடே கலங்கிவிட்டது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. ஆனால், அன்றிரவு வழக்கம்போல் தொலைபேசி வழியாக நடந்த நேயர் கணக்கெடுப்பில் இந்த நாடகத்தைக் கேட்டதாகச் சொன்னவர்கள் 2 சதவீதம் பேர்தான். வேறொரு நிலையத்தில் ஓடிய நகைச்சுவை நிகழ்ச்சிக்குத்தான் பெரிய கூட்டம். விளம்பர வருமானத்தை வானொலி பறித்துக்கொண்டிருந்த காலம் அது. வானொலியை நம்ப முடியாது என்று காட்டப் பத்திரிகைகளுக்கு நல்ல வாய்ப்பு கிடைத்தது.

பயந்தவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. பயந்ததற்கு நியாயமும் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்புதான் மியூனிக் நெருக்கடியில் ஐரோப்பா போரின் விளிம்பு வரை போயிருந்தது. நிகழ்ச்சிகளை நிறுத்தி அவசரச் செய்தி வாசிப்பது வானொலியில் சகஜமாகிவிட்டிருந்தது. பாதியில் ரேடியோவைத் திருப்பியவர்களில் பலர் செவ்வாய்வாசிகளை நினைக்கவே இல்லை. ஜெர்மானியர்கள் வந்துவிட்டார்கள் என்றே நினைத்தார்கள். நியூவார்க் நகரில் ஒரே தெருவைச் சேர்ந்த 20-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்ததாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது. விஷவாயுத் தாக்குதல் என்று நம்பியவர்கள் வேறென்ன செய்வார்கள்?

அந்தப் பத்திரிகைக்கு மட்டும் அன்றிரவு 875 தொலைபேசி அழைப்புகள் வந்தன. மற்ற இடங்களில் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தவர்கள், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியவர்கள், வேறு நிலையத்துக்கு மாற்றி அங்கே என்ன சொல்கிறார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. விண்கல் விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நிலவியல் பேராசிரியர்கள் இருவர் அதைத் தேடிக்கொண்டு நேரே குரோவர்ஸ் மில் பக்கமே போனார்கள். அவர்களில் ஒருவரான ஹாரி ஹெஸ் பிற்காலத்தில் கடலடித்தளம் விரிவடைவதை விளக்கிப் புகழ்பெற்றவர். தொலைபேசியை எடுத்தவர்களும் இந்தப் பேராசிரியர்களும் செய்தது ஒரே வேலை. கேட்டது உண்மையா என்று விசாரித்தார்கள்.

இதே நாடகம் ஈக்வடாரின் கீட்டோ நகரில் 1949 பிப்ரவரி 12 அன்று உயிர்களைக் குடித்தது. நாடகம் என்ற முன்னறிவிப்பு இல்லை. அமைச்சரைப் போலவும் மேயரைப் போலவும் நடிகர்கள் பேசினார்கள். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பலர் தேவாலயங்களை நாடினார்கள். காவல்துறையினர் எதிரியைத் தேடி ஊருக்கு வெளியே கோட்டோகொல்லாவுக்கு விரைந்தார்கள். எல்லாம் கற்பனை என்று நிலையத்தார் அறிவித்த பிறகுதான் அசம்பாவிதம் நடந்தது. ஏமாற்றப்பட்ட கூட்டம், வானொலி நிலையம் இருந்த எல் கொமெர்சியோ பத்திரிகைக் கட்டடத்துக்குத் தீ வைத்தது. குறைந்தது 6 பேர் இறந்தார்கள். கொலையை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்தத் தீ வேற்றுக்கிரகவாசிகள் மீதிருந்த பயத்தில் மூண்டதல்ல. நம்பிய குரலே பொய் சொன்னதில் மூண்டது.

2024 டிசம்பரில் மறுபடியும் நியூ ஜெர்சி. இரவு வானில் இனம் தெரியாத விளக்குகள். யாரும் ஊரைவிட்டு ஓடவில்லை. வாசலில் நின்று செல்போனில் படம் பிடித்தார்கள், புகார் கொடுத்தார்கள், 'இது என்ன?' என்று அரசைக் கேட்டார்கள். எஃப்பிஐக்கு 5,000-க்கும் மேற்பட்ட தகவல்கள் குவிந்தன. அவற்றில் மேற்கொண்டு விசாரிக்க வேண்டியவையாகத் தேறியவை ஏறக்குறைய நூறுதான். அனுமதி பெற்ற ட்ரோன்கள், விமானங்கள், ஹெலிகாப்டர்கள், ஏன், விண்மீன்களையும்கூட மக்கள் பார்த்து மருண்டிருக்கிறார்கள் என்று அரசு அமைப்புகள் விளக்கின. வாரக்கணக்கில் தெளிவான பதில் வராத இடைவெளியில்தான் வதந்திகள் கொழுத்தன.

இந்த மூன்று சம்பவங்களிலும் மக்கள் முதலில் தேடியது தகவலை. கிடைத்தபோது வீடு திரும்பினார்கள். தாமதித்தபோது வதந்தியைப் பிடித்துக்கொண்டார்கள். பொய்யாகக் கிடைத்தபோது கொந்தளித்தார்கள். புயலோ, கொள்ளைநோயோ, வானத்தில் தெரியும் புரியாத வெளிச்சமோ, எதுவானாலும் தெரிந்ததைத் தெரிந்த அளவில், தாமதமில்லாமல் மக்களிடம் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். ஜனங்கள் தாங்குவார்கள்.