விளையாட்டுக்காகத் தெற்கே செல்லலாமா? கிங்ஸ் சர்க்கிள் தமிழ்க் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

மும்பை: பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா, தாராவி, செம்பூர் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு விவாதம் தொடங்கும். படிப்போடு விளையாட்டிலும் தேர்ந்த பிள்ளையை மும்பையிலேயே சேர்ப்பதா, தெற்கே உள்ள பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்புவதா என்பதே அது. பெரிய வளாகம், புல்தரை மைதானம், பதக்கம் அணிந்த மாணவர்களின் படங்கள் ஆகியவற்றைக் கொண்டு முடிவெடுக்கும் பெற்றோர் பலர். ஆனால், அந்தப் படங்கள் சொல்லாத செய்திகளே ஒரு மாணவரின் நான்கு ஆண்டுகளைத் தீர்மானிக்கின்றன.

வீட்டருகே இல்லாதது எது?

கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகிலேயே கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கால்சா, போதார், ருயா கல்லூரிகள் மாட்டுங்காவில் உள்ளன. இந்திய கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன் ரவி சாஸ்திரி மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளியிலும் போதார் கல்லூரியிலும் படித்தவர். இங்கு இல்லாதது இடமே. வீடு ஓரிடம், கல்லூரி ஓரிடம், மைதானம் வேறோரிடம். இடையில் புறநகர் ரயில். விடுதி, வகுப்பறை, ஓடுபாதை, உடற்பயிற்சிக் கூடம் அனைத்தும் ஒரே மதிலுக்குள் இருக்கும் தென்னிந்திய வளாகங்கள் ஈர்ப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். பயணத்தில் கழியும் நேரம் பயிற்சிக்குக் கிடைக்கும் என்ற எண்ணம் தவறானதல்ல. எனினும், மைதானம் இருப்பது வேறு. அதில் இறங்க வாய்ப்புக் கிடைப்பது வேறு.

பதக்கப் பட்டியல் காட்டும் உண்மை

விளையாட்டில் சிறந்த பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57 முதல் வழங்கப்படுகிறது. அதை 20 முறைக்கும் மேல் வென்றது அமிர்தசரஸின் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம். கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் 2020இல் புவனேஸ்வரில் தொடங்கின. முதல் நான்கு போட்டிகளில் இரு முறை பஞ்சாப் பல்கலைக்கழகமும், ஒரு முறை சண்டிகர் பல்கலைக்கழகமும் முதலிடம் பெற்றன. தெற்கிலிருந்து முதலிடம் பிடித்தது 2022இல் போட்டியை நடத்திய பெங்களூருவின் ஜெயின் பல்கலைக்கழகம் மட்டுமே.

அந்த ஆண்டு ஜெயின் பல்கலைக்கழகத்துக்காக நீந்தியவர்களில் ஒருவர் ஸ்ரீஹரி நடராஜ். அதற்கு முந்தைய ஆண்டிலேயே அவர் டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்கேற்றுவிட்டார். ஒரு பல்கலைக்கழகத்தின் பதக்க எண்ணிக்கை அது உருவாக்கிய வீரர்களை மட்டுமல்ல, அது சேர்த்துக்கொண்ட வீரர்களையும் காட்டுகிறது என்பதற்கு இது சான்று. இதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால், மாநில அளவில் விளையாடிய ஒரு தாராவி மாணவருக்கு அந்தப் பட்டியல் தரும் உறுதி மிகக் குறைவு.

மொத்தப் பட்டியலைவிட விளையாட்டு வாரியாகப் பார்ப்பது பயன் தரும். கால்பந்தில் கோழிக்கோடு பல்கலைக்கழகம் அகில இந்தியப் பட்டத்தைப் பலமுறை வென்றது. மூடுபித்ரியில் 2020 ஜனவரியில் நடந்த அகில இந்தியப் பல்கலைக்கழகத் தடகளப் போட்டியில் மங்களூரு பல்கலைக்கழகம் ஒட்டுமொத்தப் பட்டம் பெற்றது. அதன் தடகள வலிமையில் பெரும்பங்கு மூடுபித்ரியின் ஆல்வாஸ் கல்வி நிறுவனத்துடையது. எனவே, பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்ப்பது போதாது. எந்தக் கல்லூரி, எந்த விளையாட்டு, எந்தப் பயிற்சியாளர் என்பதையும் கேட்க வேண்டும்.

அணியில் இடம் யாருக்கு?

பல்கலைக்கழகத்தின் அமைப்பும் வாய்ப்பை மாற்றுகிறது. சென்னை, மும்பைப் பல்கலைக்கழகங்கள் இரண்டும் 1857இல் தொடங்கப்பட்டவை. பல கல்லூரிகளை இணைத்துக்கொண்டவை. இங்கு மாணவர் முதலில் கல்லூரி அணியில் இடம்பெற வேண்டும். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் திறமை காட்ட வேண்டும். பின்னரே பல்கலைக்கழகத் தேர்வு. இந்தப் படிகளில் ஆட்டங்கள் அதிகம்; வளர்வதற்கு அவகாசமும் உண்டு.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் வளாக அணியே பெரும்பாலும் பல்கலைக்கழக அணி. ஏணி சிறியது, உச்சி அருகில் உள்ளது. ஆனால், உதவித்தொகையில் சேர்க்கப்பட்ட தேசிய வீரர்கள் அந்த இடங்களை நிரப்பிவிட்டால், ஏனையோருக்குக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி என்ற இரண்டாவது மேடை கிடைப்பது அரிது.

மண்டலமும் கருதத்தக்கது. குழு விளையாட்டுகளில் மும்பை மேற்கு மண்டலத்திலும், தமிழகம், கேரளம், கர்நாடகம் தெற்கு மண்டலத்திலும் ஆடுகின்றன. மண்டலத்தில் முன்னிலை பெறும் அணிகளே அகில இந்தியச் சுற்றுக்குச் செல்கின்றன. அங்குள்ள தரவரிசையே கேலோ இந்தியா வாய்ப்பைத் தருகிறது. தெற்கே செல்பவர் வளாகத்தை மட்டுமல்ல, எதிரணிகளையும் மாற்றிக்கொள்கிறார். தமிழகம் நடத்திய 2024 கேலோ இந்தியா இளையோர் போட்டியில் மகாராஷ்டிரம் முதலிடமும் தமிழகம் இரண்டாமிடமும் பெற்றதை இங்கு நினைவுகூரலாம். மும்பையில் இருப்பதாலேயே ஒரு மாணவர் பின்தங்கிவிடுவதில்லை.

சான்றிதழ் என்னும் முதல் தடை

தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. திருநெல்வேலி, தூத்துக்குடியிலிருந்து மும்பை வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதில் ஒரு நிபந்தனை உண்டு. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வெளிமாநிலத்தில் படித்தவர்கள், தமிழகத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் என்பதற்கான இருப்பிடச் சான்றிதழைக் காட்ட வேண்டும். தேர்வு முடிவு வந்த பின் சொந்த ஊர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு விரைவதைவிட, பதினோராம் வகுப்பிலேயே இதற்கு விண்ணப்பிப்பது நல்லது.

சென்னை ஐஐடி, ஐஐடிகளிலேயே முதலாவதாக, 2024-25 கல்வியாண்டில் விளையாட்டு வழிச் சேர்க்கையைத் தொடங்கியது. ஒவ்வோர் இளநிலைப் படிப்பிலும் கூடுதலாக இரண்டு இடங்கள்; அவற்றில் ஒன்று பெண்களுக்கு. ஆனால், ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெறுவது கட்டாயம். விளையாட்டையே தொழிலாகக் கொள்ள விரும்புவோருக்குச் சென்னை அருகே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உள்ளது.

அமெரிக்கா காட்டும் பாடம்

டெல்லித் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உயரம் தாண்டுதல் வீரர் தேஜஸ்வின் சங்கர், 2017இல் முழு உதவித்தொகையுடன் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் வென்ற அவர், 2022 காமன்வெல்த் போட்டியில் வெண்கலமும் பெற்றார். ஆயினும், உள்நாட்டுத் தகுதிப் போட்டியில் பங்கேற்காததால் முதலில் அணியில் சேர்க்கப்படாத அவர், நீதிமன்றத்தை நாடிய பிறகே காமன்வெல்த் அணியில் இடம்பெற்றார். பல்கலைக்கழகம் எவ்வளவு தந்தாலும், தேசிய அணிக்கான கதவு விளையாட்டுச் சம்மேளனத்திடமே உள்ளது. மகாராஷ்டிரத்துக்காக ஆடிவந்த மாணவர் தெற்கே சென்ற பின் எந்த மாநிலத்துக்காக ஆடலாம் என்பதைச் சேருமுன்பே சம்மேளனத்திடம் கேட்டறிய வேண்டும்.

எழுத்தில் கேட்க வேண்டியவை

கட்டணச் சலுகை ஓராண்டுக்கா, படிப்பு முடியும் வரையா? காயத்தால் ஓராண்டு ஆட இயலாவிட்டால் சலுகை தொடருமா? போட்டிக்குச் சென்ற நாட்கள் வருகைப்பதிவில் சேருமா? தேர்வு நாளில் போட்டி வந்தால் மறுதேர்வு உண்டா? பயிற்சியாளர் நிரந்தரப் பணியாளரா? கடந்த ஆண்டு அணியில் இடம்பெற்றவர்களில் உதவித்தொகையின்றிச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? இவற்றுக்கு வாய்மொழி உறுதி போதாது. பணம் கட்டும் முன், அங்கு இப்போது படிக்கும் இரண்டாம் ஆண்டு வீரர் ஒருவரிடம் பேசுவது எந்த விளம்பரக் கையேட்டையும்விடப் பயனுள்ளது.

அனைத்துக்கும் மேலாக, விளையாட்டு கைவிட்டாலும் அந்தப் பட்டம் வாழ்க்கைக்கு உதவுமா என்பதைப் பார்க்க வேண்டும். சுழற்பந்து வீச்சாளர் அஸ்வின், மேசைப்பந்து வீரர் சத்தியன் இருவரும் சென்னையில் பொறியியல் படித்தவர்கள். உச்சத்தை எட்டியவர்களே மாற்று வழி ஒன்றை வைத்திருந்தார்கள் எனில், எட்டுவோமா என்று தெரியாதவர்களுக்கு அது மேலும் இன்றியமையாதது.

அணியில் இடம், எழுத்தில் உறுதி, பயனுள்ள பட்டம் ஆகிய மூன்றும் கிடைக்குமெனில் தெற்கே செல்லும் பயணம் வீணாகாது. முதல் இரண்டில் ஒன்று இல்லையெனினும், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள கல்லூரியே சிறந்த தேர்வாக இருக்கக்கூடும்.