பதிவேட்டில் இல்லாதவர்கள்

பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சபைப் போதகர்களுக்குப் பழகிய நிலைமை இது. ஞாயிறு ஆராதனைக்கு முக்காடிட்டு வந்து முன்பாயில் உட்காரும் பெண்ணின் வீட்டு மாடத்தில் இயேசு படமும் பெரியபாளையம் பவானி அம்மன் படமும் அருகருகே இருக்கும். சாதிச் சான்றிதழில் ‘இந்து ஆதிதிராவிடர்’ என்றிருக்கும். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இராது. சமயங்களுக்கிடையே இறையியல் பேசுவதென்றால் உபநிடதத்தையும் யோவான் சுவிசேஷத்தையும் ஒப்பிட்டுப் படிப்பது என்றே நாம் பழகிவிட்டோம். அந்தப் பேச்சு இந்தப் பெண்ணிடமிருந்து தொடங்க வேண்டும்.

இவர் தனியாள் அல்லர். கீழ்ப்பாக்கம் குருகுலம் இறையியல் கல்லூரியிலிருந்து ஹெர்பர்ட் ஹோஃபர் செய்த ஆய்வு 1991-இல் ‘சர்ச்லெஸ் கிறிஸ்டியானிட்டி’ என நூலானது. ஞானஸ்நானம் பெறாமலே கிறிஸ்துவை வழிபடுவோரை அது நம் கண்முன் நிறுத்தியது. அதற்கு முன்பே, 1938 தாம்பரம் உலக மிஷனரி மாநாட்டையொட்டி, சென்னை இறையியலாளர்கள் சென்சையாவும் சக்கரையும் சபை அமைப்பையே கேள்விக்குள்ளாக்கினார்கள். ஆனால் அவர்கள் படித்த வழக்கறிஞர்கள். மதம் மாறியதில் அவர்களுக்கு உறவும் மரியாதையும் பறிபோயிருக்கலாம். இந்தப் பெண்ணுக்கோ, ஞானஸ்நானம் பெற்றால், பட்டியல் சாதிகள் பற்றிய 1950 அரசியல் சாசன ஆணையின்படி அந்தத் தகுதியே போய்விடும். பிள்ளையின் கல்லூரி இடம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பு, இரண்டும் அதோடு போகும். அந்த விலையைக் கணக்கில் எடுக்காமல் அவரது விசுவாசத்தை எடைபோடுவது அநியாயம்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள் சிலர். 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்று கோருவது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்றது. சட்டத்துக்குச் சான்றிதழில் ஒரே சொல் வேண்டும். இறையியலுக்கும் அதே அவசரம் எதற்கு? இன்னொரு மறுப்பு கனமானது: ஞானஸ்நானம் ஒருவரை ஒரே உடலின் அவயவம் ஆக்குகிறது, தனித்த பக்திக்குப் பந்தியும் கூட்டாளியும் கிடையாது. இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில், ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு நடுவிலேயே சாதிச் சுவர் எழுந்தது. ஒரே உடல் என்று சொல்லி இந்தப் பெண்ணை அழைக்கும் நாம் முதலில் அந்தச் சுவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றி அம்மனிடம் அவர் எதைக் கேட்கிறார், ஞாயிறன்று இயேசுவிடம் எதைக் கேட்கிறார், எதை இருவரிடமும் வாய்திறந்து சொல்வதில்லை? அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிய பக்கங்களே இந்த இதழுக்கு இனி வேண்டியவை.