கஞ்சமலையும் விண்முகிலும்

சேலத்திற்கு மேற்கேயுள்ள கஞ்சமலையில் காந்தக்கல் மிகுதி. அதனருகே வைத்த காந்த ஊசி வடக்கைவிட்டு விலகி நின்றால் காரணம் மலையே என்று நம் மாணாக்கர் எளிதில் கூறிவிடுவர். ஆனால் நக்ஷத்திரங்கள் பிறக்கும் விண்முகில்களுக்கு ஊசியைக் கொண்டுபோய் வைப்பவர் யார்? ஊசியின்றியே அங்குள்ள காந்தத்தை அளக்க வழி வகுத்தவருள் ஒருவர், சென்னை பிரஸிடென்ஸி கலாசாலையில் பயின்ற சந்திரசேகர். அவர் பெயரைக் கேட்டவுடன் வெண்குறு நக்ஷத்திரங்களின் எடையெல்லையை ஒப்பித்துவிட்டு அமைகின்றோம். இது பெருங்குறை என்பது நம் கருத்து.

தூர நக்ஷத்திரங்களின் ஒளி ஒரு திசையில் சற்று மிகுதியாய் அதிர்ந்து வருவதை 1949-ல் ஹில்ட்னரும் ஹாலும் வெளியிட்டனர். முகிலிலுள்ள நீண்ட நுண்தூசிகள் காந்தக் கோடுகளுக்குக் குறுக்காகத் தம் நீளம் அமையுமாறு சுழல்கின்றன. ஆதலின் குறுக்கு அதிர்வு கூடுதலாய்த் தடையுறுகின்றது. திசை இவ்வாறு தெரிந்தது. வலிமை எவ்வளவு? காந்தம் வலிதாயின் வாயுவின் கொந்தளிப்பு அதன் கோடுகளை அதிகம் வளைக்க இயலாது. மெலிதாயின் திசைகள் சிதறும். எனவே சிதறலின் அளவு, வாயுவின் அடர்த்தி, அதன் வேகம் ஆகிய மூன்றும் போதும் என்று 1953-ல் சந்திரசேகரும் என்ரிக்கோ பெர்மியும் காட்டினர். (1951-லேயே டேவிஸ் என்பாரும் இவ்வழியைத் தனியே கண்டிருந்தார்.) கிடைத்த விடை ஒரு காஸில் பத்து லட்சத்தில் ஏழு பங்கு. நம் ஊரில் பூமியின் காந்தம் ஏறத்தாழ 0.4 காஸ்! இத்துணை மெலிந்த காந்தமும், முகில் தன் பாரத்தால் சுருங்கி நக்ஷத்திரமாவதைத் தாமதப்படுத்த வல்லது. எவ்வளவு என்பதில் அறிஞர் இன்னும் வழக்காடுகின்றனர்.

2009-ல் ஏவப்பெற்ற பிளாங்க் விண்கலம் தூசி வீசும் கதிரைக்கொண்டு வானம் முழுமைக்கும் இத்திசைகளை அளந்தது. கார்த்திகைக்கு அருகே தோன்றும் ரிஷபராசி முகிலில், மெல்லிய இழைகள் காந்தத்திற்கு இணையாகவும் அடர்ந்த இழை குறுக்காகவும் கிடக்கின்றன. அவ்வளவுகளை எவரும் விலையின்றிப் பெறலாம். ஆகவே கருவியில்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது.

சேலம், நாமக்கல் கலாசாலைகளின் பௌதிக வகுப்புகளில் காந்தமானிச் சோதனை ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. விடையை முன்கூட்டியே அறிந்து நடத்தும் சடங்கு அது. பரீக்ஷையில் வராததைக் கற்பிப்பானேன் என்பார்க்கு ஒன்று கூறுவோம். விண்முகிற் கணக்கில் விடை புத்தகத்தின் பின்புறத்தில் இல்லை. பல முகில்கள் ஒரே நேரில் அமைந்தால் திசைகள் கலந்து மயங்கும். பார்வைக்குக் குறுக்கான பகுதியே தெரியும். வலிமையும் மிகையாய் வரக்கூடும். எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று மாணாக்கன் தானே தீர்மானிக்க வேண்டும்.

முதற்பருவத்தில் கஞ்சமலை அடிவாரத்தில் ஊசியோடு நடந்து ஒரு படம் வரையட்டும். அடுத்த பருவத்தில் ரிஷபராசி முகிலுக்கு வரையட்டும். 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கும் காவலூர், ஜவ்வாது மலையில், நமக்கு வடகிழக்கே ஒரு நாட்பயணத்துள் உள்ளது. இரு படங்களோடும் அங்குச் செல்லும் மாணாக்கன் கேட்கும் கேள்விகளைக் கேட்க நாம் ஆவலாயிருக்கின்றோம்.