வாயில்லாச் சீவனின் கண்

"மனிதனுக்கே கண் மருத்துவம் கிட்டாத நாட்டில் நாய்க்கும் குதிரைக்கும் அறுவைச் சிகிச்சையா?" என்று கேட்போர் உண்டு. நான் இதை ஏற்பதற்கில்லை. 1967இல் சார்லஸ் கெல்மன் மனிதருக்கென வகுத்த, மீயொலியால் கண்புரையை உடைத்து உறிஞ்சும் முறையே இன்று நாய்க்கும் உதவுகிறது. ஒரே அறிவின் இரு கிளைகள் இவை. ஒன்று தழைத்தால் மற்றொன்று வாடாது.

குதிரைக்குத் திரும்பத் திரும்ப வரும் கண் உள்ளழற்சியே பார்வையிழப்பின் முதற்காரணம். அதைத் தணிக்க வெண்விழிக்கு அடியில் சைக்ளோஸ்போரின் மருந்துத் தகட்டைப் பதிக்கிறார்கள்.

என் குறை வேறு. செல்வர் வீட்டு நாய்க்கும் பந்தயக் குதிரைக்கும் எட்டும் சிகிச்சை, வண்டிக் குதிரைக்கு எட்டுவதில்லை. அதன் கண் போனால் ஒரு குடும்பத்தின் அடுப்பே அணையும். கால்நடை மருத்துவமனைதோறும் கண் சோதனை வேண்டும். வாயில்லாச் சீவன் தானாக வந்து முறையிடாது அன்றோ!