துணைக்கோளின் வாய்மை

வழி அறியாதவன் 'அறியேன்' என்று கூறிவிடின் வழிப்போக்கனுக்குத் தீங்கில்லை. அறிந்தவன்போல் தவறான வழியைக் காட்டுவானாயின் விளையும் கேடு பெரிது. மாந்தர்க்குரிய இவ்வுண்மை கருவிகளுக்கும் பொருந்தும்.

இக்காலத்தில் கப்பலும் வானூர்தியும் துணைக்கோள்கள் விடுக்கும் வானொலிக் குறிப்புகளைக் கொண்டு தம் இருப்பிடத்தை அறிகின்றன. ஜி.பி.எஸ். எனப்படும் அமெரிக்க அமைப்பின் துணைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றி வருகின்றன. அவற்றில் அணுக்கடிகாரங்கள் உள்ளன. குறிப்பு புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டுத் தொலைவு கணிக்கப்படுகின்றது. கடிகாரம் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைபட்டாலும், தொலைவுக் கணக்கில் 300 மீட்டர் பிழை நேரும்.

இது வீண் அச்சம் அன்று. 2004ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அவ்வமைப்பின் துணைக்கோள் ஒன்றன் கடிகாரம் பழுதுற்றது. எனினும், அக்கோளை நம்பலாகாது என்னும் குறிப்பு ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழிந்த பின்னரே அதில் இடப்பட்டது.

இக்குறையை நீக்கவே துணை அமைப்புகள் தோன்றின. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இந்திய விமான நிலைய ஆணையமும் இணைந்து அமைத்த 'ககன்' அவற்றுள் ஒன்று. நாட்டின் பல இடங்களிலுள்ள நிலையங்கள் துணைக்கோள்களின் குறிப்புகளை இடைவிடாது ஆராய்கின்றன. பிழை காணின், வேறொரு துணைக்கோள் வழியாக வானூர்திக்கு எச்சரிக்கை செல்கின்றது. ககனைத் துணைகொண்டு வானூர்திகள் தரையை அணுகும் ஒருவகை முறைக்கு 2015இல் ஒப்புதல் கிடைத்தது. அம்முறைக்குப் பன்னாட்டு விதி அளிக்கும் எச்சரிக்கைக் காலம் 10 நொடியே.

இவ்வமைப்புகளைச் சோதிப்பது எங்ஙனம்? பன்னாள் சரியாக இடங்காட்டியது போதாதோ எனச் சிலர் வினவலாம். போதாது. நல்ல நாளில் சரியாக நடப்பது துல்லியத்தைக் காட்டுமேயன்றி வாய்மையைக் காட்டாது. ஆய்வுக்கூடத்தில் பொய்க் குறிப்புகளை வேண்டுமென்றே புகுத்தி, அமைப்பு அவற்றைக் கண்டுகொள்கின்றதா, குறித்த நொடிக்குள் உரைக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். பிழையில்லாதபோது வீணே அலறுகின்றதா என்பதையும் நோக்குதல் வேண்டும். அடிக்கடி பொய்யாக எழும் எச்சரிக்கையை வானோட்டி நாளடைவில் மதியான். இச்சோதனைக்குப் பொருளும் காலமும் மிகுதியாகச் செலவாகும். ஆயினும், நூற்றுக்கணக்கானோர் உயிரைச் சுமந்து மேகத்தினூடே இறங்கும் வானூர்திக்கு அச்செலவு மிகையாகாது.

பிழையே நேராத கருவியை ஆக்குதல் அரிது. நேர்ந்த பிழையை மறையாது உரைக்கும் கருவியை ஆக்குதல் இயலும். அதனையே நாம் நம்புதல் தகும்.