பழைய டிவி கேம்



தொண்ணூறுகளில் கொரட்டூரில் நீங்கள் வீட்டுப்பாடத்தை மறந்து விளையாடிய டிவி கேம் நினைவிருக்கிறதா? 1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்தான் அவற்றில் பெரும்பாலானவை. பர்மா பஜாரில் கிடைக்கும். என் மகனுடையது இன்றும் ஓடுகிறது. பட்டன் வேலை செய்யாவிட்டால் ஸ்க்ரூவைக் கழற்றி, ரப்பருக்கு அடியில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்போம், அவ்வளவுதான்.

பிடிக்க வசதியா? இல்லவே இல்லை. சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். அரை மணியில் மூலை குத்தி உள்ளங்கை சிவந்துவிடும். பேரனின் புது கன்ட்ரோலர் கைக்குள் பாந்தமாக உட்காருகிறது. ஆனால் குச்சியின் அடியிலுள்ள கரிப்பட்டை தேய்ந்து, தொடாமலே திரையில் ஆள் தானாக நடக்கிறான்! அதை மாற்ற சால்டரிங் வேண்டும். கடைக்காரர் புதிது வாங்கச் சொல்கிறார்.

வடிவத்தை மாற்றியது சரி. வீட்டிலேயே ரிப்பேர் பார்க்கும் வழியை ஏன் அடைத்தார்கள்? இன்ஜினியர் ஆன பிள்ளைகளே, உங்களைத்தான் கேட்கிறேன். கீழே எழுதுங்கள்.