மருந்தும் மூணு நாள்தான்!

ஐப்பசி பிறந்து நாலு தூறல் விழுந்தால் போதும், எங்கள் மாயவரத்து வீட்டில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு டப்பாவும் வந்து உட்கார்ந்து விடும். சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டதிப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாம் அதில் அடக்கம். நாட்டு மருந்துக் கடைக்குப் போய் நின்றாலே, "என்னம்மா, தீபாவளி மருந்து சாமானா?" என்று கேட்டுக்கொண்டே பொட்டலம் மடிக்க ஆரம்பித்து விடுவார் கடைக்காரர். துலா மாசம் முழுக்க காவிரியில் முழுகுகிற ஊர் இது. கடைமுழுக்குக்கு வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் தும்மிக் கொண்டேதான் வீடு திரும்புவார்கள். அதனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கை வைத்தியமெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் பெண்கள் மலரிலும் மழை மாதம் வந்தால் பாட்டி வைத்தியக் குறிப்புகள் வரிசை கட்டி வருகின்றன. ஒன்று விடாமல் படிப்பவள் நான். கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். ஆனால் எழுதுகிற தோழிகளிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. என்ன போட வேண்டும், எப்படிக் காய்ச்ச வேண்டும் என்று விலாவாரியாக எழுதுகிறீர்கள். எத்தனை நாள் குடிக்க வேண்டும், யார் குடிக்கக் கூடாது, எப்போது நிறுத்தி விட்டு டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதை மட்டும் யாருமே எழுதுவதில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் என் மாமியாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லி விடுகிறேன்.

மாமியார் செய்கிற தீபாவளி லேகியத்துக்குத் தெருவே காத்திருக்கும். சுக்கு, தனியா, ஓமம் மூன்றும் வகைக்கு இருபத்தைந்து கிராம். மிளகு, சீரகம், அரிசித் திப்பிலி, கண்டதிப்பிலி, சித்தரத்தை வகைக்குப் பத்து கிராம். சித்தரத்தையை அப்படியே மிக்ஸியில் போட்டால் பிளேடு போய் விடும். உரலில் நச்சிக் கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் வெறும் வாணலியில் வாசனை வரும் வரை வறுத்து, பொடித்து, சலித்துக் கொள்வார். பொடி எவ்வளவோ அதைப் போல இரண்டு பங்கு வெல்லம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்க விட்டு, பொடியைத் தூவி, சின்னத் தீயில் நெய்யும் நல்லெண்ணெயுமாக மாற்றி மாற்றி விட்டுக் கிளறிக் கொண்டே இருக்க வேண்டும். கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு நெய் கக்கி வரும்போது இறக்கி, நன்றாக ஆறிய பிறகு தேன். சூட்டோடு தேன் விட்டால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும்.

அதெல்லாம் கூடப் பெரிசில்லை. கொடுக்கிற கை இருக்கிறதே, அதில்தான் அவர் சாமர்த்தியம். பெரியவர்களுக்கு நெல்லிக்காய் அளவு, பிள்ளைகளுக்குச் சுண்டைக்காய் அளவு. சர்க்கரை வியாதிக்காரரான என் மாமனாருக்கு நாக்கில் ஒரு தொடுதல், அவ்வளவுதான். "இது என்ன அல்வாவா, கேட்டு வாங்கித் திங்கறதுக்கு?" என்பார். கஷாயம் வைத்தாலும் அப்படித்தான். சுக்கு, மிளகு, துளசி, ஓமவல்லி போட்டு இரண்டு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராகச் சுண்ட வைப்பார். காய்ச்சலோடு படுத்திருக்கிற பிள்ளைக்கு இரண்டு வேளை தருவார். மூன்றாம் நாள் காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். சூடு இருந்தால் மறு பேச்சே கிடையாது, புடவையை மாற்றிக் கொண்டு பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டு டாக்டர் வீட்டுக்குக் கிளம்பி விடுவார். "விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சும்மாவா சொன்னாங்க?" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். பள்ளிக்கூடம் போகாதவர்.

அவரிடமிருந்து நான் கற்றுக் கொண்டது செய்முறையை மட்டும்தான் என்பது 2023-ஆம் வருஷ ஐப்பசியில் தெரிந்தது.

தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஏழு வயதுப் பேரனுக்குக் காய்ச்சல். மருமகள் வேலைக்குப் போகிறவள். இரண்டாம் நாளே, "அத்தை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடலாம், ஊரெல்லாம் டெங்குன்னு சொல்றாங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "முப்பது வருஷமா மூணு பிள்ளைங்களை வளர்த்தவ நான். மழைக் காய்ச்சலுக்கு ஊசியா? பேசாம இரும்மா" என்று சொல்லி விட்டேன். என் மகன் வழக்கம் போல இரண்டு பக்கமும் தலையாட்டி விட்டு ஆபீசுக்குப் போய் விட்டான்!

நிலவேம்புக் குடிநீர் கொடுத்தேன். வாட்ஸ்-அப்பில் வந்ததைப் பார்த்து பப்பாளி இலைச் சாறு பிழிந்து கொடுத்தேன். குழந்தை குமட்டக் குமட்டக் குடித்தது. தூதுவளை ரசம் வேறு. நாலாம் நாள் காலையில் உடம்பைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது, காய்ச்சல் போயே போய் விட்டது. "பார்த்தியா!" என்று மருமகளைப் பார்த்து நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை இருக்கிறதே, இன்றைக்கும் ராத்திரியில் நினைப்பு வந்தால் எழுந்து உட்கார்ந்து விடுகிறேன்.

மத்தியானம், "அப்பாயி, வயிறு வலிக்குது" என்றான். சூடு தணிந்த உடம்பு, பசியாக இருக்கும் என்று கஞ்சி கொடுத்தேன். வாந்தி. மறுபடியும் வாந்தி. டிவி போட்டால் கூடப் பார்க்காமல் சுருண்டு படுத்துக் கொண்டான். சாயங்காலம் மருமகள் வந்து கையைத் தொட்டாள். கையும் காலும் ஐஸ் மாதிரி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டோ பிடித்துக் கிளம்பி விட்டாள். நான் செருப்புக் கூடப் போடாமல் பின்னாலேயே ஓடி ஏறினேன்.

டெங்குதான். அன்று ராத்திரி முழுக்க டிரிப் ஏற்றினார்கள். மணிக்கு ஒரு தரம் நாடி, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஒன்றுக்குப் போவதைக் கூட அளந்து எழுதிக் கொண்டார்கள். ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த டாக்டரம்மா சின்னப் பெண்தான், என் கடைசி மகள் வயது இருக்கும். அவர் எனக்கு உட்கார வைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தோழிகள் தயவு செய்து கவனமாகப் படியுங்கள்.

மற்றக் காய்ச்சலில் சூடு இறங்கினால் ஆபத்து விலகியது என்று அர்த்தம். டெங்குவில் சூடு இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் பயப்பட வேண்டிய நேரம். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் இது வரும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்தத்தின் ஓட்டமே குறைந்து போகலாம். விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம் போவது, துவண்டு கிடப்பது அல்லது காரணமில்லாமல் நிலை கொள்ளாமல் தவிப்பது, கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது... இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டெங்கு கிருமியைக் கொல்லத் தனி மருந்து கிடையாது. நீர்ச்சத்தைக் கணக்குப் பார்த்து ஏற்றுவதும், கண் கொத்திப் பாம்பாய்க் கவனிப்பதும்தான் வைத்தியம். அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும், என் கஷாயப் பாத்திரம் போதாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் கொடுக்கலாம். உடம்பு வலிக்கிறதே என்று கடையில் கேட்டு ஆஸ்பிரின், புரூஃபன் வகை மாத்திரைகளைக் கொடுத்தால் ரத்தக் கசிவு அதிகமாகி விடும்.

"நிலவேம்பு கொடுத்தேனே, அதனாலதான் இப்படி ஆச்சா?" என்று அழுதேன். "இல்லம்மா. ரெண்டாம் நாள் டெஸ்ட் எடுத்திருந்தா இத்தனை பதற்றம் இருந்திருக்காது, அவ்வளவுதான்" என்றார். திட்டியிருந்தால் கூடத் தேவலை போல் இருந்தது எனக்கு.

இன்னொரு வெட்கக் கேட்டையும் சொல்லி விடுகிறேன். வீடு திரும்பிய மறுநாள் கொசு ஒழிப்புப் பணிக்கு ஒரு பெண் வந்தாள். ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கிற தட்டைப் பார்த்தாள், கிணற்றடியைப் பார்த்தாள், மொட்டை மாடிக்குப் போனாள். அங்கே வரிசையாக என் மருந்துத் தொட்டிகள்: தூதுவளை, துளசி, ஓமவல்லி. தொட்டிக்கு அடியில் மண் கரைந்து ஓடக் கூடாதே என்று பிளாஸ்டிக் தட்டு வைத்திருந்தேன். ஓமவல்லித் தட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். தெளிந்த தண்ணீர், அதில் நெளிகிறது நெளிகிறது, அத்தனை புழு! டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, நல்ல தண்ணீரில்தான் முட்டை வைக்கும், எட்டுப் பத்து நாளில் கொசுவாகிப் பறந்து விடும், பகலிலேயே கடிக்கும் என்றாள். வாரம் ஒரு நாள் தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவச் சொன்னாள். முட்டை ஓரத்தில் ஒட்டிக் கொண்டிருக்குமாம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாதாம்.

இதையெல்லாம் படித்து விட்டு, "அப்படியானால் கை வைத்தியமே வேண்டாம் என்கிறாளா?" என்று யாரும் நினைக்க வேண்டாம். போன வாரம் கூட எங்கள் வீட்டில் கண்டதிப்பிலி ரசம்தான். தொண்டை கரகரத்தால் மிளகும் பனங்கற்கண்டும், மூக்கடைப்புக்கு ஓமவல்லிக் கஷாயம் என்று எல்லாம் நடந்து கொண்டுதான் இருக்கிறது. அடை மழையில் சூடான ரசத்துக்கு ஈடு என்ன இருக்கிறது? சாதாரண ஜலதோஷத்துக்கெல்லாம் மாத்திரை வாங்கி விழுங்குவதை நான் இன்றைக்கும் ஒப்புக் கொள்ள மாட்டேன். அதுவும் எழுதிக் கொடுக்காத ஆன்டிபயாடிக்கைக் கடையில் கேட்டு வாங்குகிற மகராசிகளை நினைத்தால் எனக்குப் பற்றிக் கொண்டு வருகிறது.

என் ஆதங்கம் வேறு. பாட்டி பக்கத்தில் இருந்த காலத்தில் குறிப்பில் இல்லாததைப் பாட்டியின் கை பார்த்துக் கொண்டது. இப்போது பாட்டி இல்லை, குறிப்பு மட்டும் ஊர் சுற்றுகிறது. வெளியூரில் தனியாக இருக்கிற இளம் தாய் அதைப் படித்து விட்டு, பத்து நாள் குழந்தைக்குத் தேன் தடவுகிறாள். ஒரு வயது நிறைவதற்கு முன் தேன் ஒரு துளி கூடத் தரக் கூடாது. அதில் இருக்கக் கூடிய கிருமி சிசுவின் நரம்பையே முடக்கி விடும் என்கிறார்கள் டாக்டர்கள். தேனைத் தடவுவது, மூக்கில் எண்ணெய் விடுவது, இதெல்லாம் பாட்டிகளும் செய்ததுதான். பாட்டி செய்ததெல்லாம் சரி என்றும் நான் சொல்ல வரவில்லை. இருமலுக்கு நல்லது என்று அதிமதுரத்தை மாதக் கணக்கில் சப்பினால் ரத்தக் கொதிப்பு ஏறும். 2020, 2021-இல் கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்கு வீடு ஆவி பிடித்தோமே, கொதிக்கிற பாத்திரத்தைக் குழந்தை மடிக்கு நேரே வைப்பது எத்தனை ஆபத்து என்று எந்தக் குறிப்பிலாவது இருந்ததா?

ஆகவே ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கோலப் போட்டி, சமையல் போட்டி எல்லாம் வைக்கிறீர்கள். மழைக் காலக் குறிப்புகளை வெளியிடும்போது ஒவ்வொன்றின் கீழேயும் இரண்டே வரி சேருங்கள்: 'எத்தனை நாள்? யாருக்குக் கூடாது?' அதைத் தெரிந்த ஒரு சித்த மருத்துவரிடமோ, குழந்தை மருத்துவரிடமோ காட்டி விட்டுப் போடுங்கள். எழுதுகிற தோழிகளும் அந்த இரண்டு வரி தெரியாவிட்டால் குறிப்பை அனுப்பாமல் இருந்து விடுங்கள், பரவாயில்லை, வேறு குறிப்பு எழுதிக் கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் இப்போது அடுப்படிச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் மருமகள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வந்த தேதி, நேரம், சூடு எவ்வளவு என்று எழுத வேண்டும். இரண்டாம் நாள் டாக்டர் என்று மேலேயே கொட்டை எழுத்தில் எழுதி விட்டாள். என் மாமியாரை விட ஒரு நாள் கண்டிப்பு ஜாஸ்தி! லேகியம் கிளறுகிற உரிமையை மட்டும் நான் இன்னும் விட்டுக் கொடுக்கவில்லை.

கடைசியாக, தூதுவளை இலையில் அடிப்பக்கத்து முள்ளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கிள்ளி விரலெல்லாம் புண்ணாகிறது. சுலபமான வழி தெரிந்த சகோதரிகள் யாராவது எழுதுங்களேன்.

— ஒரு வாசகி, மயிலாடுதுறை.